பத்தொன்பது நாள்

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை என்றாலே இப்போதெல்லாம் செங்கமலத்துக்குப் பயமாக இருந்தது.

பெரம்பலூரிலிருந்து மகள் வெற்றிச்செல்வி வருகிற நாள் அது. எட்டு மாதத்துக்கு முன்னால் செங்கமலத்தின் கணவர் அரியமுத்து ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பக்கவாதம் வந்து விழுந்தார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் மீன்சுருட்டிக்கு வந்துவிடுவாள். செல்வி பெரம்பலூரில் கணக்கு டீச்சர். வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவள் முதலில் எடுப்பது அப்பாவின் மாத்திரை டப்பாவைத்தான். ஏழு நாளுக்கு ஏழு அறை. ஒவ்வொன்றிலும் காலைக்கு ஒரு குழி, ராத்திரிக்கு ஒரு குழி. அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு மூடிவைத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவாள்.

பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று.

அந்த ரோஸ் மாத்திரைதான் முக்கியம் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அரியமுத்துவுடையது தாளம் தப்பித் துடிக்கிற இதயம். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி, ஒரு நாள் புறப்பட்டு மூளையில் போய் அடைத்துக்கொள்ளும். முதல் தடவை அப்படித்தான் வந்தது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வர நிறையவே வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் அந்த மாத்திரை காலையும் ராத்திரியும் ஒரு வேளை விடாமல் உள்ளே போக வேண்டும்.

அந்த மாத்திரையைத்தான் செங்கமலம் பத்தொன்பது நாளாகக் கணவருக்குக் கொடுக்கவில்லை.

குழியிலிருந்து மூன்றையும் உள்ளங்கையில் கொட்டுவாள். ரோஸ் நிறத்தை மட்டும் விரலிடுக்கில் ஒதுக்கிக்கொண்டு மற்றதை அவரிடம் நீட்டுவாள். ஒதுக்கியது கொல்லைப்பக்கச் சாக்கடையில் போகும்.

விவரம் தெரியாமல் செய்த காரியமில்லை அது. பத்தொன்பது நாளைக்கு முன் ஒரு காலையில் அரியமுத்துவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துண்டு நனைந்து, இன்னொரு துண்டும் நனைந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் நின்றது. அந்த அரை மணி நேரமும் செங்கமலத்தின் கண்ணுக்கு முன்னால் அவள் அக்கா ரத்தினம்மாள்தான் நின்றாள். இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். குழாயடியில் வழுக்கி விழுந்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. தலைக்குள்ளேயே ரத்தம் கசிந்து இரண்டே நாளில் போய்விட்டாள். அந்த இரண்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் செங்கமலம்தான்.

நாலு நாள் நிறுத்திப் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தாள். நாலு நாளும் மூக்கில் ரத்தம் வரவில்லை. அப்புறம் திரும்பக் கொடுக்கக் கை வரவில்லை.

இந்த ஞாயிறும் செல்வி டப்பாவைத் திறந்தாள். எல்லாக் குழியும் காலி.

"பரவால்லயே! ஒரு வேளைகூட விடலை. பசங்கள்லாம் எங்க அப்பாகிட்டதான் ஹோம்வொர்க் பண்ணக் கத்துக்கணும்" என்று சிரித்தாள்.

அரியமுத்து இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். முதல் பக்கவாதம் அவர் வலது கையில் கொஞ்சம் தெம்பைக் குறைத்துவிட்டுப் போயிருந்தது. பேச்சை அது தொடவில்லை.

"ஒங்கம்மா இருக்கறப்ப நான் எப்படி விடறது? கலெக்டர் மாதிரி வந்து நிப்பா" என்றார்.

செங்கமலம் சாம்பார் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் அவர் பழைய கதை ஒன்றை ஆரம்பித்தது கேட்டது. "கல்லங்குறிச்சி ரோட்டுல டயர் வெடிச்சுருச்சு செல்வி. லோடு வண்டி. நல்ல வெயிலு. கிளீனர் பயகிட்ட, டேய், போயி ஜாக்கிய எடுத்தாடான்னா, அவன்... அவன் போயி... ஜா..."

பேச்சு நின்றது.

"ஜா... ஜக்... க..."

"அப்பா?"

செங்கமலம் கரண்டியோடு ஓடி வந்தாள். அரியமுத்து ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டு நிறுத்தியவர் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது.

செல்வி அவருக்கு எதிரே மண்டி போட்டாள். "அப்பா, என்னைப் பாருங்க. சிரிங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க. இப்படி."

இடது கை எழுந்தது. வலது கை கொஞ்சம் எழுந்து, தட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டு விழுந்தது. தட்டு கவிழ்ந்து சாம்பார் தரையில் ஓடியது.

செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து இருபது. அம்மா, மணி பத்து இருபது. ஞாபகம் வெச்சுக்க" என்றபடியே 108-ஐ அழைத்தாள்.

செங்கமலம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயருகே வைத்தாள்.

"குடுக்காதம்மா! முழுங்க முடியாது. பொறை ஏறிடும்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவருடைய வலது கையைப் பிடித்தாள். ஈரத்துணி மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி வந்துவிட்டாள். "எதுக்கு அரியலூரு வரைக்கும்? கிட்ட ஜெயங்கொண்டத்துலயே காட்டிடலாமே?"

"ஸ்கேன் எடுத்து ஊசி போடற எடத்துக்கே நேரா போயிடலாம் அத்த. நடுவுல எறங்கி ஏறுனா நேரந்தான் போவும்" என்றாள் செல்வி. அவள் குரல் வகுப்பறையில் பேசுகிற மாதிரி உறுதியாக இருந்தது.

ஆம்புலன்ஸ் ஜன்னலில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் வந்து போனது. முந்திரித் தோப்புகள் ஓடின. ஜெயங்கொண்டம் தாண்டியதும் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் கட்டி வழிவிட்டன. அரியமுத்து கண்ணை மேலே நிறுத்தியிருந்தார். அவருக்கு ஹாரன் சத்தம் கேட்கிறதா, என்ன நடக்கிறதென்று புரிகிறதா, எதுவும் செங்கமலத்துக்குத் தெரியவில்லை.

செல்வி போனில் கணவன் அஜித்குமாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க, மறுபடியும்... மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தாங்க போயிட்டிருந்துச்சு. நானே பாத்துப் பாத்துப் போட்டேன். அப்படியும் வந்துருச்சுங்க."

அந்த 'அப்படியும்' செங்கமலத்தை முள்ளாகக் குத்தியது. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஸ்ட்ரெச்சர் ஆட, இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வாய் மூடிக்கொண்டது.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. ஸ்கேனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய், வெளியே கொண்டுவந்தபோது பன்னிரண்டே முக்கால்.

டாக்டர் அஸ்ரின் வெளியே வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேல் தலைத்துணி. நின்றபடியே பேசினார்.

"தலைக்குள்ள ரத்தக்கசிவு இல்ல. அடைப்புதான். ஹார்ட்லேர்ந்து கட்டி போயி சின்ன குழாய் ஒண்ணுல நிக்குது. கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கும்மா. ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"பத்து இருபது டாக்டர்" என்றாள் செல்வி.

"நல்லவேளை, சரியாச் சொல்றீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

செல்வி கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். "சாப்பிடறாரு டாக்டர். எட்டு மாசமா. தினம் ரெண்டு வேளை."

டாக்டரின் முகம் மாறியது. "கடைசியா எப்ப?"

"இன்னிக்குக் காலையில எட்டரைக்கு. டப்பாவை நானே பாத்தேன்."

அஸ்ரின் சீட்டை மடித்தார். "அப்ப இந்த ஊசியைப் போட முடியாதும்மா. அந்த மாத்திரை உடம்புல இருக்கறப்ப இதையும் போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். பெரிய குழாயா இருந்தா திருச்சிக்கு அனுப்பி, கம்பி விட்டுக் கட்டியை எடுக்கச் சொல்லலாம். இது அதுக்கும் எட்டாத எடம். மத்த சிகிச்சை எல்லாம் குடுப்போம். பேச்சும் கையும் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"வேற ஒண்ணுமே இல்லியா டாக்டர்?"

"மாத்திரை சாப்பிடாம இருந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம். என்ன பண்றது?"

செங்கமலம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ரத்தம் கசிந்துவிடும் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவளுக்குள் முதலில் வந்தது ஒரு நிம்மதி. ஊசி வேண்டாம். ரத்தினம்மாளுக்கு நடந்தது இவருக்கு நடக்க வேண்டாம். சும்மா நின்றால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாத்திரை கொடுத்தும் வந்துவிட்டது என்று ஊரே சொல்லும். மகளும் அப்படியே நம்புவாள்.

திறந்திருந்த கதவு வழியே அரியமுத்து தெரிந்தார். நர்ஸ் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. "ஜா... ஜா..." என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வருகிற மனுஷன்.

டாக்டர் திரும்பி நடந்தார்.

"சாப்பிடலைங்க" என்றாள் செங்கமலம்.

டாக்டருக்குக் கேட்கவில்லை.

"டாக்டரம்மா! அவரு அந்த மாத்திரைய சாப்பிடலைங்க!"

செல்வி திரும்பினாள். "என்னம்மா ஒளற்ற? டப்பா காலியாத்தானே இருந்துச்சு?"

"நான் எடுத்துப் போட்டுட்டேன் செல்வி."

அஸ்ரின் வேகமாகத் திரும்பி வந்தார். "எத்தனை நாளா?"

"பத்தொம்பது நாளா. மூக்குல ரத்தம் கொட்டுச்சுங்க, பயந்து நிறுத்திட்டேன்."

"நடுவுல ஒரு வேளையாவது? மறந்தாப்புல ஒண்ணு குடுத்திருக்கலாமில்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனைய மட்டும் முழுசா நம்ப முடியாது. உங்க வார்த்தைய வெச்சுத்தான் நான் ஊசி போடணும்."

"ஒண்ணுகூடக் குடுக்கலைங்க. எம் பொண்ணு மேல சத்தியமா."

டாக்டர் ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி நர்ஸிடம் ஏதோ சொன்னார். அந்த இடத்தில் எல்லாமே சட்டென்று வேகமானது.

செல்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஐந்தாவது நிமிடம் அஸ்ரின் ஒரு தாளோடு வந்தார். "மனைவி நீங்கதானே? கேளுங்க. இந்த ஊசி போட்டா நூறு பேர்ல ஒரு முப்பது பேரு நல்லாத் தேறுவாங்க. ஆறு பேருக்குத் தலையில ரத்தக்கசிவு ஆகலாம். உயிருக்கே ஆபத்தாகவும் ஆகலாம். மறைக்காம சொல்லிடறேன். போட்டுப் பாக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க. ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம்."

எந்த ரத்தக்கசிவுக்குப் பயந்து பத்தொன்பது நாள் ஒளித்தாளோ, அதற்கே சம்மதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். செங்கமலத்தின் விரல் பேனாவைப் பிடிக்கவில்லை.

"குடுங்க டாக்டர், நான் போடறேன்" என்று செல்வி கையை நீட்டினாள். "அவங்களுக்குத்தான் ரத்தம்னா பயமாச்சே."

அந்த 'அவங்க' செங்கமலத்துக்கு உறைத்தது. மகள் தன்னை அப்படிக் குறிப்பிட்டு அவள் கேட்டதில்லை.

"இல்ல. நான்தான் போடணும்."

ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அ. செங்கமலம். கடைசிப் புள்ளி தாளைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

ஊசி ஏறத் தொடங்கியபோது மணி ஒன்று பத்து. ஒரு மணி நேரம் ஏறும் என்றார்கள். அம்மாவும் மகளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள் செல்வி.

அவளே முதலில் பேசினாள்.

"மூக்குல ரத்தம் வந்துச்சுன்னு அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லம்மா?"

"பண்ணியிருந்தா நீ மாத்திரையக் குடுன்னுதான் சொல்லியிருப்ப."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேன்!" செல்வியின் குரல் உடைந்தது. "பிரஷர் ஏறியிருக்கான்னு பாத்திருப்பாங்க. மூக்குக்கு மருந்து குடுத்திருப்பாங்க. அளவு சரியான்னு பாத்திருப்பாங்க. நிறுத்தறதுக்கு நீ யாரும்மா?"

"ஒங்க பெரியம்மா கையி என் கைக்குள்ளதான் சில்லுன்னு ஆச்சு. ஒனக்கு அது தெரியாது."

"தெரியும். பெரியம்மா செத்தது தெரியும். அதுக்காக எங்கப்பாவ..." முடிக்காமல் நிறுத்தினாள். "மூணு ஞாயித்துக்கெழமை. மூணு பஸ்சு மாறி வந்து, நான் எண்ணி எண்ணிப் போட்டுட்டுப் போவேன். நீ பாத்துக்கிட்டே நின்ன. ஒனக்கு ஒண்ணுமே தோணலியா?"

செங்கமலத்துக்குத் தோன்றாத நாளில்லை. அதை எப்படிச் சொல்வது? இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று விரலிடுக்கில் வைத்துக்கொண்டே அடுப்படியில் நின்ற காலைகள் எத்தனை! ஒவ்வொரு தடவையும் அந்த நனைந்த துண்டுதான் ஜெயித்தது.

"தப்புத்தான் செல்வி" என்றாள்.

மூன்றரை மணிக்கு அஸ்ரின் வந்தார். "வலது கை விரலை அசைக்கறாரு. ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்லப் பாக்கறாரு. நல்ல அறிகுறிதான். ஆனா சந்தோஷப்பட்டுராதீங்க. நாளைக்கு மதியம் மறுபடி ஸ்கேன் எடுக்கணும். கசிவு இல்லைன்னு தெரிஞ்சாத்தான் நிம்மதி." பிறகு செங்கமலத்திடம் திரும்பினார். "நீங்க பண்ணது பெரிய தப்புங்க. இந்த மாதிரி ஹார்ட்டு உள்ளவங்களுக்கு மாத்திரைய நிறுத்தறதுதான் அடுத்த அடைப்புக்கு வழி. ரத்தம் வந்தா எங்ககிட்ட வரணும். ஆனா இன்னிக்கு வாயத் தொறந்து சொன்னீங்க பாருங்க... அதையும் சொல்லணும். நெறைய பேரு சொல்ல மாட்டாங்க."

டாக்டர் போனதும் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வூட்டுக்கு விட்டதும் அப்பாவை நான் பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே எங்கூடத்தான்."

"சரி" என்றாள் செங்கமலம். 'நான்?' என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதைக் கேட்கிற உரிமை இன்றைக்குத் தனக்கில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

"அவருக்கும் தெரியணும். எதனால வந்துச்சுன்னு அவருக்குத் தெரியணும். நான் சொல்லுவேன்."

"நீ சொல்ல வேணாம். நானே சொல்லிடறேன்."

ஒரே ஒருவர், இரண்டே நிமிடம் என்று நர்ஸ் விட்டார்.

அரியமுத்து கண்ணைத் திறந்தே படுத்திருந்தார். பக்கத்தில் இயந்திரத்தின் திரையில் கோடுகள் முறையில்லாமல் ஏறி இறங்கின. செங்கமலம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எப்படி ஆரம்பிப்பதென்று வராந்தாவில் யோசித்ததை மறந்துபோயிருந்தாள்.

"இங்க பாருங்க. மூக்குல ரத்தம் வந்துச்சே, அன்னிக்குலேர்ந்து ஒங்களுக்கு அந்த ரோஸ் மாத்திரைய நான் குடுக்கல. எடுத்துக் கீழ போட்டுட்டேன். அக்கா நெனப்புல பயந்து போயிப் பண்ணிட்டேன். இன்னிக்கு ஒங்களுக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்."

அவர் பார்வை அவள் முகத்திலேயே இருந்தது. கோபமில்லை. ஆச்சரியமும் இல்லை. உதடு கோணிக்கொண்டு எதையோ தேடியது. ஒரு முறை வராமல் போய், மறுமுறை முயன்றார்.

"தெ... தெரியும்."

செங்கமலத்துக்குப் புரியவில்லை. "என்ன?"

விரலசைந்த அந்த வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். மூன்று விரலை நீட்டப் பார்த்தார். பிறகு ஒன்றை மடக்கினார். மூன்று, இரண்டு.

"தெரியும்" என்றார் மறுபடி. இந்தத் தடவை தெளிவாக.

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. மூன்றுக்குப் பதில் இரண்டை அவள் நீட்டியபோதெல்லாம், அவள் முகத்தைப் பார்த்தபடி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ரத்தத்தைக் கண்டு பயமா? அவள் பயத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாரா? வேறு ஏதாவது முடிவு மனதில் வைத்திருந்தாரா? கேட்டால் சொல்ல அவருக்கு இப்போது வார்த்தை இல்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு லேசாக முனகியது.

வாசலில் செல்வி நின்றிருந்தாள். நர்ஸ் தடுத்தும் கேட்காமல் வந்திருப்பாள் போலிருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கண் அம்மாவின் மேல் இல்லை. அப்பாவின் கையில், இன்னும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல்களின் மேல் இருந்தது.

"நீங்களுமாப்பா?" என்றாள்.